கோட்டைக் கல்லும் கப்பிச் சாலையும்

மலாக்கா நகருக்குச் செல்பவர்கள் தூய பவுல் குன்றின் அடிவாரத்தில் தனித்து நிற்கும் கல்வாயிலைக் காணாமல் திரும்புவதில்லை. போர்த்துக்கீசியர் எழுப்பிய 'ஆ பமோசா' என்னும் கோட்டையின் வாயில்களுள் இன்று எஞ்சி நிற்பது அஃது ஒன்றே. வாயிலைக் கண்டு வியப்போர் பலர். வாயில் இருந்ததாயின் மதிலும் இருந்திருக்க வேண்டுமே, குன்றைச் சூழ்ந்து நின்ற அம்மதிலின் கற்கள் எங்கே போயின என்று வினவுவோர் சிலரே. கட்டட இடிபாடுகளை நொறுக்கிச் சாலையின் அடித்தளத்தில் பரப்பி, அத்தளத்தை ஈரத்தினின்று காக்கும் முறையைப் பொறியியல் அறிஞர் இந்நாளில் ஆராய்ந்து வருகின்றனர். இதனை முற்றிலும் புதியதொரு கண்டுபிடிப்பாகச் சிலர் பேசுகின்றனர். இடித்ததை எடுத்து மீண்டும் கட்டுவது மலாக்காவுக்கு 500 ஆண்டுப் பழக்கம். அங்குள்ள சாலைகளின் வரலாற்றிலோ தமிழர் கைப்பட்ட இடங்கள் மிகப் பல. ஆகவே இப்பொருளை மலாக்காவிலிருந்து தொடங்கிக் காண்பது நமக்கு ஏற்புடையது.

1511 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் அல்புகர்க்கு மலாக்காவைக் கைப்பற்றினார். உடனே கோட்டை கட்டவும் தொடங்கினார். கல்லுக்கு எங்கே போவது? அவர்தம் மகன் 1557 ஆம் ஆண்டு வெளியிட்ட வரலாற்று நூல் இதற்கு விடை தருகிறது. மலாய் அரசர்களின் கல்லறைகளையும் பள்ளிவாசல்களையும் இடித்துக் கல் எடுத்தனர் என்று அந்நூல் ஒளிவுமறைவின்றிக் கூறுகிறது. சுல்தானின் ஊழியத்தில் இருந்த அடிமைகள் கோட்டை வேலைக்கு அமர்த்தப்பட்டனர். எனவே ஆ பமோசா தோன்றிய நாளிலேயே அதன் கற்களுக்கு அது இரண்டாம் பிறவி. அக்காலத்தில் மலாக்காத் துறையில் தமிழ் வணிகர் பெருஞ்செல்வாக்குடன் விளங்கினர். போர்த்துக்கீசியர் 'நினாச்சத்து' என்று எழுதிவைத்த வணிகத் தலைவர் பெண்டகாரா என்னும் உயர்பதவி பெற்றதும், அது பறிபோகும் நிலை வந்தபோது 1514 இல் தீப்புகுந்து மாண்டதும் அவர்கள் நூல்களில் காணப்படுவனவே. மலாக்காவிலேயே பிறந்த எரேதியா என்பார் 1613 இல் எழுதிய நூலில் சோழமண்டலக் கரையினர் வாழ்ந்த கம்போங் கிளிங் என்னும் பகுதியைக் குறிப்பிடுகிறார். மதில் எழுந்ததையும் பின்னர் வீழ்ந்ததையும் தம் தெருவிலிருந்தே கண்டவர்கள் நம்மவர்கள்.

அரசர் கல்லறைகளின் கல் எத்தனை நாளைக்குப் போதும்? மிகுதிக்கு வேண்டிய கல்லைக் கரைக்கு அப்பாலுள்ள உப்பே தீவிலிருந்து வெட்டிக் கொணர்ந்தனர். போர்த்துக்கீசியர் அதனைக் 'கற்றீவு' என்னும் பொருள்படும் பெயராலேயே வழங்கினர். அத்தீவின் கல் கருங்கல் வகையைச் சார்ந்ததன்று. புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்தார் செம்புறாங்கல் என்றும், மலையாளத்தார் வெட்டுக்கல் என்றும் வழங்கும் துளைகள் நிறைந்த செந்நிறக் கல்லே அது. பிரான்சிசு புக்கானன் என்னும் ஸ்காத்லாந்திய மருத்துவர் மலையாள நாட்டில் அங்காடிப்புரத்தை அடுத்து இக்கல்லைக் கண்டார். மண்ணுக்குள் இருக்கும்போது கோடரியால் செதுக்கும் அளவு மென்மையாகவும், வெளியே எடுத்துக் காற்றுப்பட வைத்தால் செங்கல்லினும் இறுகியும் இருப்பதை அவர் குறித்து வைத்தார். இலத்தீன் மொழியில் செங்கல்லுக்குரிய 'லேட்டர்' என்னும் சொல்லினின்று 'லேட்டரைட்' என்று அதற்குப் பெயரும் இட்டார். அவருடைய நூல் வெளிவந்த ஆண்டு 1807. அதே ஆண்டில்தான் அக்கல்லால் ஆகிய மலாக்கா மதிலும் வெடிமருந்தால் தகர்க்கப்பட்டது!

அந்நிகழ்ச்சிக்கு வருவோம். 1641 இல் போர்த்துக்கீசியரிடமிருந்து கோட்டையை வென்ற ஒல்லாந்தர் அதனைச் செப்பனிட்டனர். எஞ்சிய வாயிலின் மேல் காணப்படும் 1670 என்னும் ஆண்டுக் குறி அவர்கள் பொறித்ததே. 1795 இல் ஐரோப்பியப் போர் காரணமாக மலாக்கா ஆங்கிலர் காவலில் வந்தது. என்றேனும் ஒருநாள் இதனை ஒல்லாந்தரிடமோ பிறரிடமோ திருப்பித்தர நேரும், அப்போது இக்கோட்டை தமக்கே பகையாக நிற்கும், பினாங்குத் துறையின் வணிகத்துக்கும் ஊறு விளையும் என்று அவர்கள் எண்ணினர். கோட்டையை இடிக்குமாறு பினாங்கிலிருந்து ஆணை பிறந்தது. மலாக்காவின் அதிகாரியாக இருந்த வில்லியம் பர்க்குவார் அதனை நிறைவேற்றினார்.

இந்த இடிப்பைக் கண்ணாரக் கண்டு எழுதியவர் முன்ஷி அப்துல்லா. 1796 இல் மலாக்காவில் பிறந்த அவர் அப்போது சிறுவர். தம் முன்னோர் நாகூர் வழி வந்தவர்கள் என்றும், மலாக்காவில் வசதியுடையோர் தம் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிப்பது வழக்கமாதலால் தாமும் தமிழ் கற்றதாகவும் அவர் தம் வரலாற்றில் கூறியிருப்பது தமிழாசிரியர்கள் பெருமையோடு எடுத்துக்காட்டத் தக்க செய்தி. கூலியாட்கள் கடப்பாரையும் மண்வெட்டியும் கொண்டு மதிலைத் தொட அஞ்சினர். அதில் பேய்பிசாசு குடியிருப்பதாக நம்பினர். அடித்தளமோ தோண்டத் தோண்ட ஆழமாகப் போய்க்கொண்டே இருந்தது. இறுதியில் குழி பறித்து வெடிமருந்து நிரப்பினர். பர்க்குவாரே வந்து திரியைக் கொளுத்தினார். யானையளவும் வீட்டளவும் உள்ள பாளங்கள் மேலெழும்பிக் கடலில் வீழ்ந்தன. இவ்வளவும் அப்துல்லா தரும் காட்சி. பின்னர் ஊரார் அக்கற்களை எடுத்துச் சென்று வீடு கட்டிக்கொண்டதையும், பத்தாவியாவுக்கும் ரியாவுக்கும் கூட அவை போனதையும் அவர் குறிக்கிறார். கல்லறையாய், பள்ளிவாசலாய் இருந்து, மதிலாகிய கல் மூன்றாம் முறை வீட்டுக்கும் களஞ்சியத்துக்கும் அடித்தளம் ஆயிற்று. மறுநாளே அதனைக் குப்பை என்று எவரும் கருதவில்லை என்பதே நாம் நோக்க வேண்டியது.

நீரும் திரியும்

இடிபாட்டுக்கும் ஈரத்துக்கும் என்ன தொடர்பு? இதனைச் சற்று விளக்கமாகக் காண வேண்டும். ஏனெனில், சாலை கெடுவது வண்டியின் பாரத்தால் என்றே பெரும்பாலோர் நினைக்கின்றனர். வண்டி ஒரு காரணமே. பெருங்காரணம் தண்ணீர்.

சாலையின் மேலே நாம் காணும் தார்த்தோல் மெல்லியது. பாரத்தை இறுதியில் தாங்குவது அடியிலுள்ள இயற்கை மண். அம்மண் உலர்ந்திருக்குமாயின் எத்தகைய பாரத்தையும் தாங்கும்; நனைந்தால் குழையும். இந்த உண்மையை ஐரோப்பாவில் அழுத்திச் சொன்னவர் 1816 இல் பிரிஸ்டல் நகர வட்டாரத்துச் சாலைகளுக்கு அதிகாரியான மக்காடம் என்னும் ஸ்காத்லாந்தியர். சாலையைச் சுற்றுநிலத்தைவிட உயர்த்துக. ஓரங்களில் நீர் வடிய வழி செய்க. உடைத்த சிறுகற்களை ஒன்றோடொன்று பிணையுமாறு பரப்பி நீர் உட்புகாதபடி கூரையிடுக. இவையே அவர் முறையின் உயிர். நம் நாட்டில் 'கப்பி ரோடு' என்று வழங்கியது அவர் வழியில் வந்ததேயாகும்.

மேலிருந்து வரும் நீரைக் கூரையிட்டுத் தடுக்கலாம். பக்கத்திலிருந்து வருவதை வாய்க்கால் வெட்டித் தடுக்கலாம். கீழிருந்து ஏறிவரும் நீரை என் செய்வது? அகல்விளக்கை நினைத்துப் பாருங்கள். எண்ணெய் கீழே இருக்கிறது. சுடர் மேலே எரிகிறது. திரியின் நூலிழைகளுக்கு இடையேயுள்ள நுண்ணிய இடைவெளி எண்ணெயைத் தானே மேலே இழுத்துக் கொள்கிறது. இதனை நுண்புழை ஏற்றம் என்பர். மண்ணும் அத்தகைய திரியே. மண்துகள் எவ்வளவு நுண்மையோ அவ்வளவு உயரம் நீர் ஏறும். களிமண்ணில் ஓர் ஆள் உயரத்துக்கும் மேலே ஏற வல்லது. பருமணலில் சாண் கணக்கில் நின்றுவிடும். விரற்கடைப் பருமனுள்ள சல்லியில் ஏறவே மாட்டாது என்னலாம். திரியை நடுவே வெட்டிவிட்டால் விளக்கு அணைவதுபோல், களிமண்ணுக்கும் சாலைக்கும் இடையே பருஞ்சல்லிப் படுகை ஒன்றை இட்டால் நீரின் ஏற்றம் அற்றுப்போகிறது. அதோடு, எப்படியோ உட்புகுந்த நீரும் சல்லியின் இடைவெளி வழியே பக்கத்து வாய்க்காலுக்கு ஓடிவிடும்.

மலாக்காவின் கரையோரப் பகுதி பெரும்பாலும் மென்மையான கடற்களிமண் நிலம். அங்கே நிலத்தடி நீர் காலுக்கடியிலேயே நிற்கிறது. உள்நாட்டில் ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களின் மேட்டுநிலம் செம்மண்ணும் செம்புறாங்கல் சரளையும் கலந்தது. கரையில் சல்லி இல்லை, மேட்டில் சரளை உண்டு. அதனால்தான் கரையோர ஊர்களில் உடைந்த செங்கல்லுக்கும் ஓட்டுக்கும் மதிப்பு மிகுதி.

பழைய இடிபாட்டுக்கும் புதுக் கல்லுக்கும் வேறுபாடு உண்டு என்பதை முதன்முதல் கணக்கிட்டு எழுதியவர் கி.மு. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமக் கட்டடக் கலைஞர் விட்ருவியசு. தரையின் அடிப்படுகைக்கு அவர் கூறும் அளவு இது: புதிதாய் உடைத்த கல்லாயின் 3 பங்கு கல்லுக்கு 1 பங்கு சுண்ணாம்பு, முன்னொரு கட்டடத்திலிருந்து எடுத்ததாயின் 5 பங்குக்கு 2 பங்கு சுண்ணாம்பு. பழையதற்குச் சுண்ணாம்பு கூடுதலாக வேண்டும் என்று அனுபவத்தால் கண்டிருக்கிறார். அப்பழைய சல்லிக்கு அவர் இட்ட பெயரோ இன்னும் சுவையானது. 'மீண்டும் உயிர் பெற்றது' என்னும் பொருளுடைய 'ரெடிவீவசு' என்பது அது. ஈரம் கசியும் சுவர்களுக்கு மணலை விட்டு இடித்த ஓட்டுத்தூளைக் கலக்குமாறும் அவர் கூறுகிறார்.

இதைப் படிக்கும் தமிழ்நாட்டுக் கொத்தனார் எவரும் "எங்கள் சுர்க்கி அல்லவா இது!" என்பார். செங்கல்லைச் 'சுடுமண்' என்ற பெயரால் பெரும்பாணாற்றுப்படை குறிக்கிறது. சுட்ட மண் நொறுங்கினாலும் அதன் பயன் தீர்ந்துவிடுவதில்லை. செங்கல் தூளைச் சுண்ணாம்போடு சேர்த்து அரைத்தால் அக்கலவை நீரிலும் இறுகும். 1895 இல் நிறைவெய்திய முல்லைப் பெரியாற்று அணையின் கட்டுமானத்தில் சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்ந்த கலவை பயன்பட்டதைப் பலரும் அறிவர். வீட்டின் மட்டப்பாவில் செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து, பெண்கள் வரிசையாக அமர்ந்து மரக்கட்டையால் நாட்கணக்கில் தட்டுவார்கள். தட்டும் கட்டை துள்ளியெழும் வரை தட்டவேண்டும் என்பது கணக்கு. அந்தத் தளத்தின் வேலை ஒன்றே: மழைநீரைக் கீழே இறங்கவிடாமை. ஆக, உடைந்த செங்கல்லைக் கொண்டு ஈரத்தை ஆளும் கலை கடல் கடந்து வந்த தமிழனுக்குக் கைவந்த ஒன்று.

யார் போட்ட சாலை

கடல் கடந்து வந்தவர்களுள் சாலை வேலைக்கு முதலில் வந்தவர்கள் தம் விருப்பத்தால் வந்தவர்கள் அல்லர். 1824 ஆம் ஆண்டு உடன்படிக்கையால் ஆங்கிலர் சுமத்திராவின் பெங்கூலனை ஒல்லாந்தருக்கு விட்டு மலாக்காவைப் பெற்றனர். 1825 இல் பெங்கூலனில் இருந்த இந்தியக் கைதிகள் நீரிணைக் குடியேற்றங்களுக்கு மாற்றப்பட்டனர். அவர்களுள் சென்னை மாகாணத்தவரும் வங்காளத்தவரும் இருந்தனர். காடு வெட்டவும் சதுப்பு நிரப்பவும் சாலை போடவும் செங்கல் அறுக்கவும் இவர்களே பயன்பட்டனர். இவர்களுக்குத் தலைவராயிருந்த மக்னேர் 1899 இல் எழுதிய நூல் இவ்வரலாற்றைத் தருகிறது. சிங்கப்பூரில் இன்றும் வெண்மையாய் ஒளிரும் தூய அந்திரேயர் பேராலயத்தைக் கட்டியவர்கள் இக்கைதிகளே. அதன் சுவர்ப்பூச்சு முட்டை வெண்கருவும் சர்க்கரையும் சுண்ணாம்பும் சேர்த்து, தேங்காய் மட்டை ஊறிய நீர் விட்டுக் குழைத்த சென்னைச் சுண்ணச்சாந்து. பேராலயத்தைக் கண்டு வியக்கும் உலகம் அதே கைகள் போட்ட சாலையின் அடியைத் தோண்டிப் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டிய தேவை வராததே அவ்வேலையின் சிறப்பு.

மலாக்காவில் சாலையின் அருமையை ஆங்கிலர்க்குக் கற்பித்தது நானிங் போர். 1831 இல் நானிங் தலைவர் டோல் சாயிதை அடக்கச் சென்ற படை தோற்றுத் திரும்பியது. அடுத்த ஆண்டு மீண்டும் சென்றபோது படை நடக்கச் சாலை வெட்டிக்கொண்டே போயினர். சேறும் காடுமாய்க் கிடந்த நிலத்தில் மாதத்துக்குச் சில மைல்களே முன்னேற முடிந்தது. அப்படையில் பெரும் பங்கினர் சென்னை மாகாணக் காலாட்படையினரும் அம்மாகாணத்துச் சுரங்கப் படையினரும் ஆவர். 1832 ஆம் ஆண்டின் நடுவில் தாபோ வீழ்ந்தது. போர் செய்த நாட்களைவிடச் சேற்றோடு போராடிய நாட்களே மிகுதி.

1867 இல் நீரிணைக் குடியேற்றங்கள் இங்கிலாந்து அரசின் நேர் ஆட்சிக்கு வந்தன. கைதிகளை அனுப்பும் வழக்கம் நின்றது. 1873 இல் கைதித் துறையும் கலைக்கப்பட்டது. இன்று ஜே.கே.ஆர். என்று வழங்கும் பொதுப்பணித் துறை தன் வரலாற்றை 1872 இல் மக்னேர் தலைமையில் அமைந்த துறையிலிருந்தே கணக்கிடுகிறது. கைதிகளின் இடத்துக்குச் சம்பளக் கூலிகள் வந்தனர். இரண்டாம் உலகப் போருக்கு முன் மலாயாவின் பொதுப்பணித் துறைத் தொழிலாளருள் மிகப் பெரும்பாலோர் தென்னிந்தியர், அவருள்ளும் தமிழர். மண்டோரின் கீழ்க் கல் உடைத்தவரும், வாய்க்கால் தூர் எடுத்தவரும், தார் காய்ச்சியவரும் அவர்களே. 1896 இல் மலாக்கா புக்கிட் லிந்தாங்கில் தான் சாய் யான் ரப்பர் நட்டு வழிகாட்டியபின், புக்கிட் அசஹான் முதலிய இடங்களில் தோட்டங்கள் விரிந்தன. தோட்டம் விரிந்ததும் தோட்டத்துச் சாலையும் நீண்டது.

தோட்டத்துச் சாலை பெரும்பாலும் செம்மண் சாலை. காலையில் இறக்கிய பால் உறையுமுன் ஆலைக்குப் போய்ச் சேரவேண்டும். மழைக்காலத்தில் வண்டிச் சக்கரம் புதைந்தால் ஒரு நாள் உழைப்பு வீண். செம்புறாங்கல் சரளை உலர்ந்தால் கல்லாய் இறுகும். அதிலுள்ள களி நனைந்தால் வழுக்கும். ஆதலால் சாலையின் நடு உயர்ந்தும் ஓரம் தாழ்ந்தும் இருக்கச் செய்வதும், ஓர வாய்க்காலைப் புல் அடைக்காமல் வைப்பதும், குழி விழுந்த இடத்தில் உடைந்த செங்கல், ஓடு, அடுப்புச் சாம்பற்கட்டி முதலியவற்றைக் கொட்டி மேலே சரளை இட்டு இடிப்பதும் அன்றாட வேலைகள். பழைய செங்கல்லைக் குழியில் போடுவது ஏழ்மையின் தந்திரம் என்று கருதுவோர் உண்டு. திரியை அறுக்கும் முறையை நூல் படிக்காமலே கைக்கொண்ட திறம் அது என்பது என் கருத்து.

எடுப்பது யாருடையது

இதுவரை கூறியதைக் கொண்டு, இடித்து மீண்டும் பயன்படுத்துவது எப்போதும் நன்று என்று எவரும் முடிவு கட்டிவிட வேண்டா. எதை இடித்தார்கள், யாரைக் கேட்டு இடித்தார்கள் என்பதும் வரலாற்றில் அடங்கும்.

தம்பினிலிருந்து மலாக்காவுக்கு 1905 இல் தொடங்கிய புகைவண்டிப் பாதையைச் சப்பானியர் தம் ஆட்சிக்காலத்தில் பெயர்த்தெடுத்தனர். அத்தண்டவாளங்கள் சயாம் பர்மா மரண இரயில் பாதைக்குச் சென்றன. அவ்வழியே மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழரும் சென்றனர். அவருள் பெரும்பகுதியினர் திரும்பவில்லை. இரும்பு மீண்டும் பயன்பட்டது என்று இதனை எழுதிவிட முடியுமா?

தமிழ்நாட்டிலும் இத்தகைய நிகழ்ச்சிகள் உண்டு. கடாரம் கொண்ட இராசேந்திரன் எடுத்த கங்கைகொண்ட சோழபுரத்துப் பெருங்கோயிலின் மதிலும் கோபுரமும் 1836 இல் கொள்ளிடத்தின் கீழணைக்காக உடைக்கப்பட்டன. ஊரார் தடுத்தனர், கற்களுக்கு ஈடாகச் செங்கல் மதில் கட்டித் தருவதாகச் சொல்லப்பட்டது, சொன்னபடி நடக்கவில்லை. அணை நெல் விளைவித்தது என்பதும் மறுக்க முடியாது. நாகப்பட்டினத்தில் கடாரத்து அரசன் பெயரால் எழுந்த சூடாமணி விகாரத்தோடு தொடர்புடைய பழங்கோபுரம் 1867 இல் இடிக்கப்பட்டு அதன் செங்கற்கள் கல்லூரிக் கட்டடத்துக்குப் போயின. அரப்பாவில் நிகழ்ந்ததோ எல்லாவற்றிலும் கொடிது. இலாகூர், முல்தான் இருப்புப்பாதையில் ஏறத்தாழ 100 மைல் நீளத்துக்குத் தண்டவாளத்தின் அடியில் பரப்ப அந்நகரத்துச் செங்கல் போதுமானதாயிருந்தது என்று கன்னிங்காம் எழுதுகிறார். நாலாயிரம் ஆண்டுக்கு முன் சுட்ட செங்கல் இரயிலின் பாரத்தையும் மழையின் ஈரத்தையும் தாங்கி நின்றது. அதன் தரத்துக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அந்நகரத்தின் மேற்பரப்பிலிருந்து நாம் கற்றிருக்கக் கூடியவை அந்தப் பாதையின் அடியில் புதைந்தன.

இதற்கு மாறாக, போரே இடித்துக் கொடுத்த இடிபாட்டைப் பயன்படுத்துவதில் குற்றம் காண இடமில்லை. இரண்டாம் உலகப் போரில் குண்டு வீச்சால் பாழான பிரிஸ்டல் நகரின் செங்கற் குவியல், அமெரிக்காவுக்கு வெறுமனே திரும்பிய கப்பல்களில் பாரமாக ஏற்றப்பட்டது. நியூயார்க்கில் கிழக்காற்றுக் கரையோரம் அது கொட்டப்பட்டு, அதன்மேல் பெருஞ்சாலை போடப்பட்டது. அவ்விடத்துக்குப் பிரிஸ்டல் பெயரே வைத்து 1942 இல் நினைவுக்கல்லும் நாட்டினர். மக்காடம் சாலை கற்பித்த அதே ஊரின் வீடுகள் மற்றொரு கண்டத்தில் சாலைக்கு அடித்தளமாயின.

இந்நாளைய நிலைக்கு வருவோம். இன்று இடிக்கப்படுபவை பெரும்பாலும் சிமிட்டிக் கட்டடங்கள். அவற்றை ஆலையில் நொறுக்கிச் சலித்தால் கிடைக்கும் சல்லி, சாலை அடித்தளத்துக்கு ஏற்றது. பழைய சிமிட்டியின் ஒட்டுந்தன்மை முற்றும் தீராமல் இருப்பதால் நீர் தெளித்து இடிக்கும்போது ஓரளவு மீண்டும் இறுகுவதும் உண்டு. ஆயின் விட்ருவியசு ஐயுற்றது இங்கும் உண்மை. நல்ல கருங்கல் சல்லி பெரும்பாலும் தன் எடையில் நூற்றுக்கு 1 பங்கு நீரைக்கூட உறிஞ்சாது. நொறுக்கிய கான்கிரீட்டு 4 முதல் 8 பங்கு வரை உறிஞ்சும். செங்கல் சல்லி 10 முதல் 20 பங்கு வரை உறிஞ்சும். உறிஞ்சுவது தானாகவே குற்றமாகாது. துண்டின் உள்ளே நீர் தங்கினாலும், துண்டுகளுக்கு இடையே பெரிய இடைவெளி இருக்கும்வரை நீர் மேலேறாது. கேடு வருவது தூளால். நொறுக்கிய தூளைச் சலித்து நீக்காவிடில் அது இடைவெளிகளை அடைத்து, சல்லிப் படுகையையே திரியாக்கிவிடும். கான்கிரீட்டிலிருந்து கரையும் சுண்ணாம்பு வடிகுழாயின் வாயில் கல்லாய்ப் படிந்து அடைப்பதும் காணப்பட்டிருக்கிறது. கீழேயுள்ள களிமண் வண்டி அதிர்ச்சியால் மேலே பிதுங்கிச் சல்லிக்குள் புகாதிருக்க, இடையே மணற்படுகையோ வடிகட்டும் துணியோ வேண்டும். சுவர்ப்பலகையிலும் பூச்சிலும் உள்ள சிப்சம் கலந்துவிட்டால் சிமிட்டியோடு வினைபுரிந்து வீங்கிச் சாலையைத் தூக்கிவிடும். மரத்துண்டு மக்கிக் குழி விழும். ஆகவே இடிபாட்டைப் பயன்படுத்துவதில் பாதிக்கு மேற்பட்ட வேலை பிரித்தெடுப்பதே.

இத்தகைய மண்ணையும் சல்லியையும் சோதிக்கும்போது, மாதிரியை 4 நாள் நீரில் ஊறவைத்து, பின்னர் இரும்புத் தண்டால் அழுத்தி எவ்வளவு தாங்குகிறது என்று பார்க்கின்றனர். கலிபோர்னியாச் சாலைத் துறையில் தோன்றிய இச்சோதனை மலேசியாவிலும் இந்தியாவிலும் வழக்கில் உள்ளது. உலர்ந்த நிலையில் சிறப்பாயிருக்கும் மண் ஊறியபின் சேறாவதை இச்சோதனை காட்டிக்கொடுத்துவிடும்.

இந்தியாவில் கட்டட இடிபாடு பற்றிய விதிகள் 2016 இல் வந்தன. அவற்றைச் சாலையில் பயன்படுத்தும் வழிகாட்டியை இந்தியச் சாலைப் பேரவை 2017 இல் வெளியிட்டது. மலேசியாவில் 2007 ஆம் ஆண்டுத் திடக்கழிவுச் சட்டம் 2011 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதனை ஏற்ற மாநிலங்களுள் மலாக்காவும் ஒன்று. சட்டம் வந்த அளவுக்குப் பிரித்தெடுக்கும் பழக்கம் வந்ததா என்றால், சாலையோரத்திலும் செம்பனைத் தோட்டத்து மூலையிலும் கொட்டிக்கிடக்கும் குவியல்களே மறுமொழி கூறும்.

மலாக்காவில் எதை நொறுக்கலாம், எதைத் தொடலாகாது என்னும் வினாவுக்கு அண்மையில் ஒரு நிகழ்ச்சி இடம் தந்தது. 2006 இல் ஆற்றங்கரையில் சுழற்கோபுரம் ஒன்று எழுப்புவதற்காகத் தோண்டியபோது, 1807 இல் அழிந்ததாகக் கருதப்பட்ட மிடல்பர்க் கொத்தளத்தின் அடித்தளம் வெளிப்பட்டது. அப்துல்லா எழுதிய அந்த ஆழமான அடித்தளம் வெடிமருந்துக்குத் தப்பி நிலத்துக்குள் கிடந்திருக்கிறது. கோபுரத்தைப் பண்டார் ஹிலிருக்கு மாற்றினர். கொத்தளத்தைச் செம்புறாங்கல்லாலேயே மீண்டும் கட்டி உயர்த்தினர். 2008 இல் மலாக்கா நகர் உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பட்டது. நகரின் நடுவே உள்ள ஓட்டையும் கல்லையும் இனி எவரும் எளிதில் வண்டியேற்ற இயலாது.

நகர எல்லைக்கு வெளியே அத்தகைய காவல் இல்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டும், செம்பனைக்கு மாறியும், வீட்டுமனைகளாகியும் வருகையில் பழைய லயன் வீடுகளும் ஆலைகளும் சில இடங்களில் பள்ளிக் கட்டடங்களும் இடிந்து வீழ்கின்றன. அவற்றின் செங்கல் புதுச் சாலைக்கு அடியில் போவதை நான் குறைகூற மாட்டேன். சல்லியாகப் பயன்படத் தக்கது சல்லியாகட்டும். ஆனால் பழைய செங்கல் பலவற்றில் சூளையின் முத்திரை பொறித்திருக்கும். கட்டடத்தின் முகப்பில் ஆண்டு எழுதியிருக்கும். கோயில் படிக்கல்லில் உபயகாரர் பெயர் வெட்டியிருக்கும். நொறுக்கும் வண்டி வருவதற்கு முன் அவற்றைப் படமெடுத்து, இடத்தையும் ஆண்டையும் குறித்து, பெயர் வெட்டிய கல்லையும் முத்திரைச் செங்கல் ஒன்றிரண்டையும் தனியே எடுத்துப் பள்ளியில் வைக்க அரைநாள் போதும். ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா, புலாவ் செபாங் வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் உயர் வகுப்பு மாணவரைக் கொண்டு இதனைச் செய்யலாம். குத்தகையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். வண்டி வந்தபின் அவர் காத்திருக்க மாட்டார்.